வாசனை: இல்லை

ஜனவரி 29, திங்கள்
கல்லேரிப்பட்டு முகாம்

வந்து சேர்ந்தேன். நான்கு மாதம் பூட்டிக் கிடந்த அறை. கதவைத் திறந்ததும் ஜீப் டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அலமாரிக்குப் பின்னால் எலி ஒன்று செத்துக் கிடந்ததாம். நான் பாட்டுக்குப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுப் பாயை உதறிக்கொண்டிருந்தேன். "எப்படி மேடம் உள்ள நிக்கிறீங்க?" என்றார். முப்பது வருஷமாகக் காட்டில் கிடக்கிறவளுக்கு எலியெல்லாம் ஒரு பொருட்டா என்று சொல்லி வைத்தேன்.

கரட்டின் அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட நான்கு அறை, ஒரு சமையலறை, கோர் பெட்டிகளை அடுக்கி வைக்கிற கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். இந்தக் கரட்டுக்கு அடியில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன என்று மூன்று வருஷமாகத் தலைமை அலுவலகத்தில் தொண்டை வற்றக் கத்தி வருகிறேன். ஏழு துளை போட்டாயிற்று. செம்பு நூல் நூலாக வந்தது, துத்தநாகம் வரவே இல்லை. எட்டாவது துளைதான் கடைசி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதிலும் ஒன்றும் இல்லாவிட்டால் மார்ச் 31 அன்று முகாமைக் கலைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

துளை போடுகிற ரிக்கை ஓட்டும் போர்மேன் பழைய முனிரத்தினம்தான். சமையலுக்கும் அதே அஞ்சலாட்சி. இருவருக்கும் என்னைப் பழகிவிட்டது. பாவம்.

ஜனவரி 31

ரசத்தில் பெருங்காயமே இல்லை. கேட்டால், கட்டிப் பெருங்காயத்தைக் கரைத்துக் கை கொள்ளாமல் ஊற்றினேன் என்று அஞ்சலாட்சி சாதிக்கிறாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

பிப்ரவரி 3, சனி

42 மீட்டர்.

வீட்டுக்காரர் இருந்தபோது தினமும் சாயங்காலம் போனில் கேட்பார்: "மங்கை, இன்னிக்கு என்ன கல்லு?" தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மனிதர். கல்லைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஆனாலும் கேட்பார். நானும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வேன். துளை என்றால் கிணறு இல்லை, மணிக்கட்டு கனம்தான். வைரம் பதித்த வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். நடுவில் அறுபடாமல் நிற்கிற கல் உருளை உருளையாக மேலே வரும். அதற்குப் பெயர் கோர். அதை மரப்பெட்டியில் ஆழத்தின்படி இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். பிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாகப் பார்த்து, என்ன கல், என்ன நிறம், என்ன தாது என்று லாக் என்கிற பதிவேட்டில் எழுதுவேன். நான் சிவப்பு கிரேயானால் கோடு போட்ட துண்டுகளைத்தான் பிளந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். மற்றவை பெட்டியிலேயே கிடக்கும்.

"அப்போ நீ கோடு போடலைன்னா அந்தக் கல்லுக்கு நாதியே இல்லியா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். சிரித்தார்.

மூன்று வருஷமாக இந்த நோட்டுதான் கேட்டுக்கொள்கிறது. அது திருப்பி எதையும் கேட்பதில்லை.

பிப்ரவரி 6

71 மீட்டர். வளையம் தேய்ந்துவிட்டது, மாற்றினார்கள். போனில் இந்த வாரம் என்னைக் கூப்பிட்டவர்கள்: வங்கி, வங்கி, ஒரு ராங் நம்பர். ராங் நம்பர்காரர் மட்டும் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பேசினார்.

பிப்ரவரி 10, சனி

இன்று 112 மீட்டரில் கல் மாறியது. 121 வரை, ஒன்பது மீட்டருக்குக் கல்லெங்கும் பழுப்புத் திட்டு. கருப்பட்டியைப் பொடித்துத் தூவினாற்போல் இருந்தது.

கத்தியால் கீறினேன். பொடி உதிர்ந்தது. பழுப்பாகவும் இருந்து கத்திக்கும் மசிகிற கல் என்றால் இந்தப் பக்கத்தில் இரண்டில் ஒன்றுதான். ஒன்று இரும்புக் கார்பனேட், சல்லிக்காசுக்குப் பெறாதது. இன்னொன்று துத்தநாகத் தாது. செம்புத் தாது பித்தளை போல் மின்னித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். இந்த வெளிர் ரகத் துத்தநாகம் மின்னவே மின்னாது. கண்ணை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. எக்ஸ்ரே கருவி இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும், ஆனால் அது பழுதாகி நவம்பரில் போனது இன்னும் திரும்பவில்லை. ஆகவே பழைய வழிதான். உதிர்ந்த பொடி மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டுக் குனிந்து முகர வேண்டும். கார்பனேட் என்றால் சோம்பேறித்தனமாக நுரைக்கும், வாசனை இராது. துத்தநாகம் என்றால் உள்ளே இருக்கிற கந்தகம் கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். முதல் வருஷத்து மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

சொட்டு விட்டேன். ஊசிமுனை அளவில் கொப்புளம் வந்தது. குனிந்து முகர்ந்தேன். நன்றாகவே முகர்ந்தேன். ஒன்றும் இல்லை.

லாகில் எழுதியது: இரும்புக் கார்பனேட், பழுப்பு, 112 முதல் 121 மீட்டர் வரை. வாசனை: இல்லை. சிவப்புக் கோடு போடவில்லை.

டீ கொண்டுவந்த அஞ்சலாட்சி கொட்டகை வாசலிலேயே நின்று முகத்தைச் சுளித்தாள். எங்கேயோ முட்டை கெட்டுப் போயிருக்கிறது என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வாங்குகிறபோதே பார்த்து வாங்க வேண்டும், முப்பது முட்டையையும் சோதித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கத்தினேன். டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

லீவு நாளிலும் அஞ்சலாட்சி வந்தாள், என்னிடம் நிரூபிப்பதற்காகவே. வாளித் தண்ணீரில் முப்பது முட்டையையும் போட்டாள். ஒன்றுகூட மிதக்கவில்லை. முப்பதும் சொல்லிவைத்தாற்போல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

"அப்ப நேத்து நாத்தம் எங்கேருந்து வந்திச்சி?" என்றாள்.

எலியாக இருக்கும் என்றேன். போன மாதமே எலியை எடுத்துப் போட்டுப் பினாயில் ஊற்றிக் கழுவியது அவள்தான்.

பிப்ரவரி 12

தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. டிராக்டர்காரன் வரவில்லை. பச்சைப் பயறு வேகவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

212 மீட்டரில் துளை முடிந்தது. 160-க்குக் கீழே வெறும் சார்னோகைட், கருங்கல். முனிரத்தினம் கடைசி உருளையைப் பெட்டியில் வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். எப்படி மேடம் என்று கேட்கவில்லை. அவர் கேட்க மாட்டார், நிற்பார். உதட்டைப் பிதுக்கினேன். அவருக்கும் முகம் விழுந்துவிட்டது. இந்த மலை ஏமாத்தாதுன்னு நினைச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ராடுகளைக் கழற்றப் போனார்.

அறிக்கை எழுதி முடித்தேன். கல்லேரிப்பட்டில் பொருட்படுத்தத்தக்க துத்தநாகம் இல்லை, ஆய்வைக் கைவிடலாம் எனப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்திட்டு, கவரில் போட்டு ஒட்டி, திங்கட்கிழமை ஜீப்பில் அனுப்ப மேசையில் வைத்தாயிற்று. மூன்று வருஷத்தை மூன்றே பக்கத்தில் முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்க்க அறைக்கு வந்தேன். பார்த்ததில் பாலை மறந்துபோனேன். நினைவு வந்து போய்ப் பார்த்தால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது. துடைத்துவிட்டு, மறுபடியும் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை உரசப் போகிற நேரம். முனிரத்தினம் வாசலிலிருந்து பாய்ந்து வந்து என் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். சிலிண்டரை மூடினார். ஜன்னல்களைத் திறந்தார். என்னைத் தோளைப் பிடித்து, ஆமாம் தோளைப் பிடித்து, வெளியே தள்ளிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பதினைந்து வருஷமாகப் பழகியவர், என் நிழலைக்கூட மிதிக்காமல் நடக்கிறவர்.

அடுப்பு அணைந்திருந்ததே ஒழிய குமிழைத் திருப்பவில்லை. எவ்வளவு நேரமாக கேஸ் போய்க்கொண்டிருந்ததோ. ரிக் பக்கத்திலிருந்தே நாற்றம் அடித்ததாம்.

அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. ஒங்களுக்கு வாசனை தெரியறதில்லயா?" என்றார்.

"உங்க வேலை ராடு கழட்டுறது. அதைப் போய்ப் பாருங்க" என்றேன்.

போய்விட்டார். மதியம் அவர் ஆளிடம் கொடுத்தனுப்பிய சோறு வந்தது. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 19

எழுத ஒன்றும் இல்லை. ஜீப் வந்தது. கவரைக் கொடுக்கவில்லை. நாளைக்கு என்று டிரைவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன்.

2021 மே மாதம் எங்கள் இருவருக்கும் காய்ச்சல். ஒரே ஆஸ்பத்திரி, அவர் மூன்றாவது மாடி, நான் முதல் மாடி. பதினோராவது நாள் நான் மட்டும் குரோம்பேட்டை வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எந்த வாசனையும் இல்லை. பூட்டிக் கிடந்த வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சாம்பிராணி போட்டேன், புகை வந்தது, மணம் வரவில்லை. காபிப் பொடி டப்பாவுக்குள் மூக்கைவிட்டுப் பார்த்தேன், தும்மல்தான் வந்தது. இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் திரும்பி வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. குழந்தை குட்டி என்று யாராவது இருந்தால், அம்மா பால் தீயுது, அம்மா இந்தக் குழம்பு ஊசிப்போச்சு என்று சொல்லியிருப்பார்கள். தனியாக இருக்கிறவளுக்கு யார் சொல்வார்கள்? ஆபீஸில் சொன்னால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள், களப்பணிக்குத் தகுதியில்லை என்று எழுதுவார்கள், சென்னையில் ஒரு மேசையில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம், தினமும் ஐந்தரைக்கு. அதனால்தான் வருஷத்தில் எட்டு மாதம் காடு காடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன். என் உழைப்பை எல்லோரும் மெச்சுகிறார்கள்.

மூக்கு போன பிறகு நான் லாக் எழுதிய துளைகள்: இங்கே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அதற்கு முன்பு நெடுங்கரட்டில் இரண்டு. ஒவ்வொன்றிலும் பழுப்புக் கல் வந்த இடத்தில் எல்லாம் முறையாகச் சொட்டுவிட்டு, முறையாகக் குனிந்து, வாசனை இல்லை என்று முறையாக எழுதியிருக்கிறேன். முகர்கிற மாதிரி நடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நிஜமாகவே முகர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வந்துவிடும் என்று நினைத்தேன்.

அஞ்சலாட்சி முட்டை என்று சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

பிப்ரவரி 21, புதன்

இன்று அஞ்சலாட்சியைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தேன். அதற்கு முன்பு முட்டை விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், காய்ச்சல் கீய்ச்சலா என்று.

நாற்பது துண்டு எடுத்து வைத்திருந்தேன். பழுப்புக் கல், வெறும் கருங்கல், வேறு மலையில் நானே பொறுக்கிய நிஜமான கார்பனேட், எல்லாவற்றையும் கலந்து, கீழே நம்பர் சீட்டு வைத்துத் துணியால் மூடினேன். எது எது என்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பின்னால் நின்று கை மட்டும் நீட்டிச் சொட்டுவிட்டேன். என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக எதையும் சொல்லக் கூடாது, இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

"இல்ல... இல்ல... இதுல அடிக்குது. ஐயய்ய, கொமட்டுதும்மா. இதுல இல்ல."

பத்தாவது துண்டில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தான் காலேஜுல்லாம் படிச்சீங்களாம்மா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகோ வாய்விட்டுச் சிரித்தேன். நடுவில் இரண்டு தடவை வெளியே போய்க் காற்று வாங்கினோம், டீ குடித்தோம்.

முடிந்ததும் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். பதினாலு துண்டில் நாற்றம் என்று சொல்லியிருந்தாள். பதினாலும் 112-க்கும் 121-க்கும் நடுவில் எடுத்தவை. அந்தப் பகுதியிலிருந்து நான் எடுத்திருந்ததே பதினாலுதான். கருங்கல்லில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கார்பனேட்டில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

ஸ்டூலில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பது மீட்டர் துத்தநாகம். அதைக் கார்பனேட் என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேசையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22

வரிசையை மாற்றி மறுபடி செய்தோம். அதே பதினாலு. பிறகு பழைய பெட்டிகளை இறக்கினோம். முனிரத்தினம் அவராகவே வந்து கைகொடுத்தார், ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் துளையில் நான்கு மீட்டர். ஆறில் ஏழு. ஏழாம் துளையில் இல்லை. காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் கரட்டின் அடியில் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படுகையாக ஓடுகிறது. மூன்று வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்ததை நானே இந்தக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தேன்.

சிவப்பு கிரேயான் தீர்ந்துபோயிற்று. அஞ்சலாட்சிக்குத் தலைவலி, சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

நான் ஏன் முகர்ந்து பார்க்கவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. போகும்போது மட்டும், "பெருங்காயம் போட்டேம்மா, நெசமா போட்டேன்" என்றாள். தெரியும் என்றேன்.

பிப்ரவரி 24, சனி

இரண்டு நாளாக ஒன்றும் ஓடவில்லை.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கவரைக் கிழித்துப் போட்டாயிற்று. மறு ஆய்வில் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன என்று ஒரே வரி எழுதி, கோடு போட்ட துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும். அவர்கள் துத்தநாகம் என்று சொல்லிவிடுவார்கள். கல்லேரிப்பட்டு பிழைத்துவிடும். எனக்கு மாலைகூடப் போடுவார்கள். மூக்கைப் பற்றி ஒரு ஈ காக்கைக்கும் தெரிய வேண்டாம், அடுத்த வருஷமும் இங்கே வரலாம்.

ஆனால் நெடுங்கரடு இருக்கிறது. 2022-இல் நான் ஒன்றும் இல்லை என்று எழுதி மூடிய இடம். அங்கே இரண்டாம் துளையில் ஆறு மீட்டர் பழுப்புக் கல் வந்தது. வாசனை: இல்லை. மூடிய இடத்துக் கோர்களை இரண்டு வருஷம் வைத்திருப்பார்கள், அதன் பிறகு கிடங்கில் இடம் வேண்டுமென்று பள்ளம் நிரப்பக் கொட்டிவிடுவார்கள். இந்த மார்ச்சோடு இரண்டு வருஷம். அந்தப் பெட்டிகளை நிறுத்தி வையுங்கள் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். நல்ல நிலையில் இருக்கிற புவியியலாளர் எழுதிய லாகை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது.

சொன்னால் குரோம்பேட்டை. சொல்லாவிட்டால் நெடுங்கரட்டைப் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்க்கிறேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 25

துணி துவைத்தேன். செருப்பு அறுந்துவிட்டது.

பிப்ரவரி 26, திங்கள்

அனுப்பிவிட்டேன். மாதிரித் துண்டுகள் ஒரு சாக்கு, கடிதம் ஒன்று. 2021 மே முதல் எனக்கு வாசனை அறியும் திறன் இல்லை, அதை மறைத்துவிட்டேன், அதன் பிறகு நான் எழுதிய ஆறு துளைகளின் லாகையும் நம்ப வேண்டாம், நெடுங்கரட்டுப் பெட்டிகளைக் கொட்டாமல் நிறுத்தி வைக்கவும். ஜீப் வளைவில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் நிறுத்தலாமா என்றுகூடத் தோன்றியது.

எட்டாம் துளையின் லாகைப் புதிதாக எழுதினேன். வழக்கமாக "லாக் எழுதியவர்" என்று ஒரு கட்டம்தான் உண்டு. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டு, "முகர்ந்தவர்" என்று எழுதினேன். இனிஷியல் என்னவென்று அஞ்சலாட்சியிடம் கேட்டேன். "அத்த யாரு கேட்டா இதுவரைக்கும்?" என்று யோசித்துச் சொன்னாள். க. அஞ்சலாட்சி.

பிப்ரவரி 29, வியாழன்

இயக்குநரே பேசினார். நல்ல மனிதர், என்னைவிட நான்கு வயது சின்னவர். துத்தநாகம் பற்றி ரொம்பச் சந்தோஷப்பட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூக்கு விஷயத்த எதுக்கு மேடம் எழுத்துல கொடுத்தீங்க? சும்மா மறு ஆய்வுன்னு போட்டிருக்கலாமே. அந்தக் கடிதம் இன்னும் என் மேசையிலதான் இருக்கு. வேணும்னா வேற ஒண்ணு அனுப்புங்க, இத நான் பாக்கல."

வேப்பமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே நின்றிருந்தேன். வேறு ஒன்று அனுப்புகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"நெடுங்கரட்டுப் பெட்டிங்களை நிறுத்திட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அந்தக் கடிதம் பதிவானாதான் மேடம் நிறுத்த முடியும்."

"அப்போ பதிவு பண்ணிடுங்க."

சரி மேடம் என்று வைத்துவிட்டார்.

மார்ச் 13

ஆய்வுக்கூடத்து முடிவு வந்துவிட்டது. 112 முதல் 121 வரை சராசரி எட்டு சதவீதம் துத்தநாகம், செம்பு பெயருக்குத்தான். முகாம் கலையாது, இன்னும் பன்னிரண்டு துளை போடப் போகிறார்கள். முனிரத்தினம் தன் ஆட்களுக்குப் பாயசம் வைக்கச் சொன்னார். நெடுங்கரட்டுப் பெட்டிகளைச் சீல் வைத்துவிட்டார்களாம்.

அதே தபாலில் எனக்கும் உத்தரவு. களப்பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். பதினெட்டாம் தேதி சென்னை ஆவணப் பிரிவில் சேர வேண்டும். "முகர்ந்தவர்" என்ற கட்டம் விதிமுறைப் படிவத்தில் இல்லாததால் லாகைத் திருத்தி அனுப்பவும் என்று தனியாக ஒரு குறிப்பு. திருத்தப் போவதில்லை. இன்னும் என்ன செய்துவிடுவார்கள் என்னை?

பாயசம் இனிப்பாக இருந்தது. ஏலக்காய் போட்டார்களா என்று கேட்டேன், போட்டிருக்கிறது என்றாள் அஞ்சலாட்சி.

மார்ச் 16, சனி

நாளைக் காலை ஜீப். பெட்டி கட்டினேன். அஞ்சலாட்சி புடவைகளை மடித்துக் கொடுத்தாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அவருடைய தலையணை உறை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை வரை அவர் தலை வைத்துப் படுத்திருந்தது. துவைக்கவே இல்லை. மூக்கு திரும்பி வருகிற அன்றைக்கு வேண்டும் என்று எடுத்து வைத்தேன், எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறேன். இனி வராது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவர் வாசனை அதிலேதான் இருக்கிறது என்ற எண்ணம் போதுமாக இருந்தது.

பிரித்து அஞ்சலாட்சியிடம் கொடுத்தேன். யாருடையது என்று சொன்னேன். அவருக்கு நரசூஸ் காபி, தலைக்குத் தேங்காயெண்ணெய், கொஞ்சம் மூக்குப்பொடி. அந்த மூன்றும் கலந்த மாதிரி ஒன்று வருகிறதா பார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கொட்டகையில் சொன்னதையே சொன்னேன்: "இருந்தா இருக்குன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

முகத்தோடு சேர்த்துவைத்து முகர்ந்தாள். திருப்பி இன்னொரு பக்கம் முகர்ந்தாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அந்துருண்டை வாசனைதாம்மா வருது. வேற ஒண்ணும் இல்ல."

பூச்சி அரித்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் புதிது வாங்கி நான்தான் போட்டேன். உறைக்கு நாலு உருண்டை. அந்த நெடி எனக்குத் தெரியவில்லை.

அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை, இன்று அஞ்சலாட்சி மடியில் விழுந்து அழுதேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் எழுந்து தொட்டிப் பக்கம் போய் உறையைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டேன். வெயில் நன்றாக அடித்தது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. என் தலையணைக்கு மாட்டிக்கொண்டேன்.